சீனப் போர்விமான எஞ்சின்கள்: ஒன்று செய்வது வேறு, ஆயிரம் செய்வது வேறு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜே-10, ஜே-16, ஜே-20 என்று சீனப் போர்விமானங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் "விமானம் சரி, எஞ்சின் யாருடையது?" என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் அந்தக் கேள்விக்கு "ரஷ்யாவினுடையது" என்று ஒரே சொல்லில் பதில் முடிந்துவிடும். இன்று அப்படி முடியாது. திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

இப்போது ஓடுவது சீன எஞ்சின்தானா?

புதிதாகக் கட்டப்படும் விமானங்களில் பெரும்பாலும் ஆம். ஜே-11பி, ஜே-16, ஜே-10சி, ஜே-20 ஆகிய நான்கிலும் டபிள்யூஎஸ்-10 குடும்பத்து எஞ்சின்கள் இருக்கின்றன. 'தாய்ஹாங்' என்று ஒரு மலைத்தொடரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். வடகிழக்குச் சீனாவின் ஷென்யாங் நகரில் உள்ள லிமிங் ஆலையில் தயாராகிறது. உந்துவிசை, வகையைப் பொறுத்து 13 முதல் 14 டன் வரை. ஒப்பிட, ரஷ்யாவின் ஏஎல்-31எஃப் தருவது 12.5 டன்.

ஜே-20 படையில் சேர்ந்தது 2017-இல், ரஷ்ய ஏஎல்-31 வகை எஞ்சினோடு. 2021 ஜுஹாய் விமானக் கண்காட்சியில் பறந்த ஜே-20-களில் உள்நாட்டு எஞ்சின் இருந்தது.

எஞ்சின் ஆலைகளையும் ஆய்வகங்களையும் விமானம் கட்டும் நிறுவனத்திலிருந்து பிரித்து, ஏஇசிசி என்ற தனி அரசு நிறுவனத்தின் கீழ் 2016 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். பதிவு மூலதனம் 50 பில்லியன் யுவான், பணியாளர்கள் சுமார் 96,000 பேர். அதுவரை எஞ்சின் என்பது விமானத் திட்டத்தின் வால். விமானம் தாமதமானால் எஞ்சினுக்கும் பணம் நிற்கும். பிரித்தது சரியான முடிவு என்பதே எங்கள் கணிப்பு.

ரஷ்ய எஞ்சினைக் கழற்றிப் பார்த்து அப்படியே நகலெடுக்க முடியாதா?

கழற்றினால் வடிவம் தெரியும், அளவு தெரியும், எந்த உலோகத்தில் எது எத்தனை விழுக்காடு என்றும் ஆய்வகம் சொல்லிவிடும். அந்த உலோகத்தை எத்தனை முறை உருக்கினார்கள், எந்த வேகத்தில் குளிரவைத்தார்கள், எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம் வைத்திருந்தார்கள், எந்தக் குறையை ஏற்றார்கள், எதைத் தூக்கி எறிந்தார்கள் என்பதெல்லாம் பாகத்தில் எழுதியிருக்காது.

நகல் மட்டுமல்ல, முழு வரைபடங்களோடு முறைப்படி உரிமம் வாங்கினால்கூட என்ன ஆகும் என்பதற்கு டபிள்யூஎஸ்-9 இருக்கிறது. ரோல்ஸ்-ராய்ஸின் ஸ்பே எஞ்சினுக்குச் சீனா வைத்த பெயர் அது. அதைத் தயாரிக்க ஒப்பந்தம் போட்டது 1975 டிசம்பரில். சீனாவில் பூட்டிய முதல் எஞ்சின்கள் 1980-ஐ ஒட்டியே சோதனையில் தேறிவிட்டன. ஆனால் அவற்றில் இறக்குமதிப் பாகங்கள் ஏராளம். அந்த உலோகக் கலவைகளையும் வார்ப்புகளையும் உள்நாட்டிலேயே செய்து, முழுவதும் சொந்த எஞ்சின் என்று சான்று பெற்றது 2003-இல். இடையில் ஜேஎச்-7 விமானங்களுக்கு பிரிட்டனிலிருந்து பழைய ஸ்பே எஞ்சின்களை வாங்கிச் சமாளிக்க வேண்டியிருந்தது. கையில் வரைபடம் இருந்தும் இருபத்தேழு ஆண்டு.

டபிள்யூஎஸ்-10 கதையும் வேறு திசையிலிருந்து தொடங்குகிறது. 1982-இல் சீனா இரண்டு சிஎஃப்எம்56-2 எஞ்சின்களை வாங்கியது. அது பயணிகள் விமான எஞ்சின் என்றாலும் அதன் உட்கரு, அதாவது காற்றை அழுத்தி எரித்துச் சுழலும் நடுப்பகுதி, அமெரிக்காவின் பி-1 குண்டுவீச்சு விமான எஞ்சினிலிருந்து வந்தது. எஃப்-16-இல் உள்ள எஃப்110-உம் அதே வம்சம். டபிள்யூஎஸ்-10-இன் உட்கருவில் அந்தச் சாயல் உண்டு என்பது துறையில் பரவலான கருத்து. அப்படிப் பார்த்தால் இது 'ரஷ்ய எஞ்சினின் நகல்' என்ற பேச்சே தவறு.

எல்லோரும் டர்பைன் பிளேடைப் பற்றியே பேசுவது ஏன்?

டர்பைன் என்பது சூடான வாயு பாய்ந்து சுழற்றும் சக்கரம்; அதைச் சுற்றியுள்ள இறகுகளே பிளேடுகள். எஞ்சினிலேயே மிகக் கொடுமையான வேலை அவற்றுக்குத்தான். எரிகலனைத் தாண்டி முதலில் எதிர்ப்படும் உயரழுத்த டர்பைனுக்குள் நுழையும் வாயு, ஏஎல்-31 போன்ற எஞ்சினில் ஏறக்குறைய 1,390 டிகிரி செல்சியஸ். பிளேடு செய்யும் நிக்கல் கலவையோ சுமார் 1,300 டிகிரியைத் தாண்டியதும் உருகத் தொடங்கும். உருகுநிலையைவிடச் சூடான காற்றில் அது வேலை செய்கிறது. உள்ளே குடைந்த வழிகளில், முன்னால் காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரஸரிலிருந்து காற்று ஓடிக் குளிர்விக்கிறது. மேற்பரப்பில் பொடித் துளைகள் வழியாக அதே காற்று ஒரு மெல்லிய போர்வையாகப் படர்கிறது. அதற்கு மேல் பீங்கான் பூச்சு.

சுழற்சி வேகத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 200 கிராம் எடையுள்ள பிளேடு, அச்சிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றினால் அதன் வேரைப் பிடித்து இழுக்கும் விசை கிட்டத்தட்ட 11 டன். உள்ளங்கையில் அடங்கும் ஒரு துண்டு, நிரம்பிய லாரி ஒன்றைத் தூக்கிக்கொண்டு உலைக்குள் நிற்கிற மாதிரி. அதனால்தான் சாதாரண வார்ப்பு போதாது. உலோகத்தில் மணிமணியாக இருக்கும் படிகங்களின் எல்லைகளில்தான் இந்தச் சூட்டில் பிளவு தொடங்கும். எல்லையே இல்லாமல் பிளேடு முழுவதையும் ஒற்றைப் படிகமாக வளர்த்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

ஒற்றைப் படிகப் பிளேடை எப்படி வார்க்கிறார்கள்? எங்கே கெடுகிறது?

அடிப்படை, சுவாமிமலை ஸ்தபதி செய்யும் அதே மெழுகு வார்ப்புதான். மெழுகில் உரு, அதன்மேல் கவசம், மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் ஊற்றுவது. வித்தியாசம் நுணுக்கத்தில்.

முதலில் சிலிக்கா சார்ந்த பீங்கானில் ஒரு 'கரு' செய்கிறார்கள். பிளேடுக்குள் காற்று ஓடவேண்டிய வளைவுநெளிவுகளின் அச்சு அது. சில இடங்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிமன்; சாக்பீஸ் மாதிரி ஒடியும். அதை அச்சுக்குள் நிறுத்தி, சுற்றிலும் மெழுகைப் பாய்ச்சுகிறார்கள். கரு இம்மி நகர்ந்தாலும் பிளேடின் ஒரு பக்கச் சுவர் தடித்து, மறுபக்கம் மெலியும். மெலிந்த பக்கம் எஞ்சினில் முதலில் எரியும். இது வெளிக்கண்ணுக்குத் தெரியாது. அல்ட்ராசோனிக் கருவியால் புள்ளி புள்ளியாகச் சுவரை அளந்தால்தான் தெரியும்.

அடுத்து மெழுகு உருவைப் பீங்கான் குழம்பில் முக்கி, மணல் தூவி, உலரவைத்து, மறுபடி முக்கி, ஏழெட்டு அடுக்கு ஏற்றுகிறார்கள். அந்த அறையின் ஈரப்பதமும் வெப்பமும் மாறாமல் இருக்கவேண்டும். ஓர் அடுக்கு சரியாக உலராமல் அடுத்தது ஏறினால் ஊற்றும்போது கவசம் வெடிக்கும். மெழுகை நீராவியில் வெளியேற்றி, கவசத்தைச் சுட்டு, வெற்றிட உலைக்குள் வைக்கிறார்கள்.

உருகிய கலவை ஊற்றப்பட்டதும் அச்சை உலையின் சூடான பகுதியிலிருந்து குளிர்ந்த பகுதிக்கு மெதுவாக இறக்கவேண்டும். நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர்தான். அடியில் பல படிகங்கள் முளைக்கும். அவை பன்றிவால் போல் சுருண்ட ஒரு குறுகிய குழாய் வழியே மேலேற, அந்தச் சுருளில் ஒன்று மட்டும் தப்பிக்கும். அந்த ஒன்றுதான் வளர்ந்து பிளேடாகிறது. பிளேடின் அகன்ற மேடைப் பகுதியின் மூலைகள் நடுப்பகுதியைவிட முந்திக் குளிர்ந்தால் அங்கே வேறொரு படிகம் தனியாக முளைத்துவிடும். இறக்கும் வேகம் கூடினால் ஒரு கோளாறு, குறைந்தால் வேறொன்று: கனமான தனிமங்களும் இலேசானவையும் பிரிந்து, தழும்பு போலச் சங்கிலியாகச் சிறு படிகங்கள் உருவாகும். படிகத்தின் திசையும் பிளேடின் நீளவாட்டிலிருந்து 10–15 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. எக்ஸ்-ரே வைத்துப் பார்த்து, சாய்ந்ததை ஒதுக்குகிறார்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு கட்டம் இதற்குப் பிறகு வருகிறது. கவசத்தைத் தட்டி உடைக்கும்போது அவசரப்பட்டுப் பலமாக அடித்தால் பிளேடில் சின்ன நசுங்கல் விழும். அப்போது ஒன்றும் தெரியாது. 1,300 டிகிரியை ஒட்டி வெப்பப் பதனம் செய்யும்போது அந்த நசுங்கலில் புதிய படிகங்கள் பிறந்து, ஒற்றைப் படிகம் ஒற்றையாக இராது. சுத்தியல் பிடித்தவர் செய்த பிழை நாலு துறை தாண்டித்தான் வெளிவரும். அந்தப் பதன வெப்பத்திலும் பெரிய இடம் கிடையாது: சில பத்து டிகிரி கூடினால் கலவை உள்ளே உருகத் தொடங்கும், குறைந்தால் பலம் வராது.

பிறகு பீங்கான் கருவைச் சூடான காரக் கரைசலில் அழுத்தத்தில் கரைத்தெடுப்பது, வேரைச் சாணை பிடிப்பது, மின்பொறியாலோ லேசராலோ நுண்துளைகள் இடுவது, பூச்சு. துளையின் சுவரில் உருகி உறைந்த மெல்லிய படலம் தங்கினால் விரிசலுக்கு அதுவே விதை.

தேறாமல் கழிவது இவ்வளவு பெரிய விஷயமா?

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. பத்து முக்கியக் கட்டங்கள். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 95 தேறுகிறது என்று வையுங்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பத்தையும் தாண்டி வருவது நூற்றுக்கு 60. ஒரு எஞ்சினில் 80 உயரழுத்தப் பிளேடு என்றால் 134 வார்க்கவேண்டும். ஆண்டுக்கு 200 எஞ்சின் என்றால் தேறிய பிளேடு 16,000. வார்க்கவேண்டியது ஏறக்குறைய 26,700. ஒவ்வொரு கட்டத்தையும் 98-க்கு உயர்த்தினால் தேறுவது 82 ஆகிவிடும். 19,600 வார்த்தால் போதும். புதிய உலை ஒன்றுகூட வாங்காமல் ஆலை பெரிதானது போல.

ஆய்வகத்தில் பத்துப் பிளேடு செய்து அதில் இரண்டு தேறினாலும் சோதனை எஞ்சின் ஓடிவிடும். தொழிற்சாலைக்கு அது திவால்.

ரீனியம் என்கிறார்களே, அது என்ன?

மாலிப்டினம், செம்புத் தாதுக்களோடு துணைப் பொருளாகக் கிடைக்கும் மிக அரிதான உலோகம். நிக்கல் கலவையில் சிறிதளவு சேர்த்தால் சூட்டில் பிளேடு மெல்ல நீள்வதைத் தடுக்கும். சீனாவின் இரண்டாம் தலைமுறைக் கலவையான டிடி6-இல் அது எடையில் சுமார் 2 விழுக்காடு. பெய்ஜிங் வானூர்திப் பொருட்கள் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. மேற்கத்திய இரண்டாம் தலைமுறைக் கலவைகள் பலவற்றில் 3. குறைத்ததற்குக் காரணம் செலவு. உலகில் அதிகம் ரீனியம் தருவது சிலி. சீனாவின் ஷான்சி மாகாணத்திலும் இருப்பு உண்டு.

பிளேடுமேல் பூசும் பீங்கானில் இட்ரியம் வேண்டும்; அந்தப் பக்கம் கயிறு சீனாவின் கையில். 2025 ஏப்ரலில் அது ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்த ஏழு அருமண் தனிமங்களில் இட்ரியமும் ஒன்று.

பிளேடைச் சரிசெய்துவிட்டால் முடிந்ததா?

இல்லை. பிளேடு உடைந்தால் எஞ்சின் போகும். பிளேடுகளைத் தாங்கும் வட்டு உடைந்தால் விமானமே போகும். அந்தத் துண்டை எந்த உறையாலும் தடுக்க முடியாது. இன்றைய போர் எஞ்சினில் அந்த வட்டு உலோகப் பொடியிலிருந்து வருகிறது. கலவையை உருக்கி நுண்துளிகளாகச் சிதறடித்து, சலித்து, கலனில் அடைத்து, வெப்பத்தோடு நாலாபுறமும் அழுத்திக் கட்டியாக்கி, பிறகு மாபெரும் அழுத்தியில் அச்சும் பொருளும் ஒரே சூட்டில் இருக்கும்படி வைத்து வடிக்கிறார்கள். உருக்கும் பாத்திரத்திலிருந்து ஒரு பீங்கான் துணுக்கு, மணலில் பாதி அளவு, பொடியோடு போய்விட்டால் போதும். ஆயிரக்கணக்கான முறை விசை ஏறி இறங்கியபின் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

முன்பக்கத்து விசிறி, கம்ப்ரஸர் பாகங்கள் டைட்டானியம். அதில் நைட்ரஜன் சேர்ந்து கடினமான புள்ளி உருவானால் என்ன ஆகும் என்பதை 1989-இல் அமெரிக்காவின் சூ சிட்டியில் டிசி-10 விமான விபத்து காட்டியது. அதன்பின் தனிவகை உருக்குத் தட்டில் அசுத்தத்தைப் படியவிடுவது போன்ற கட்டுப்பாடுகள் இறுகின.

பேரிங்கை யாரும் பேசுவதில்லை, பேசவேண்டும். முதன்மைத் தண்டின் பேரிங் உருக்கில் ஆக்சிஜன் கொஞ்சம் கூடினாலும் மேற்பரப்பு செதில் செதிலாக உரியும். அதன் தூள் எண்ணெயில் கலந்து அடுத்த பேரிங்கையும் கெடுக்கும். எண்ணெயில் உலோகத் தூள் இருக்கிறதா என்று காந்தச் செருகியைக் கழற்றிப் பார்ப்பது தரைப்பணியாளரின் அன்றாட வேலை அதனால்தான்.

எஞ்சினின் ஆயுளுக்கும் உற்பத்திக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். ரஷ்யாவின் சட்டர்ன் நிறுவனம் தன் 117எஸ் எஞ்சினை அறிமுகப்படுத்தியபோது, பழைய ஏஎல்-31எஃப்-இன் ஓவர்ஹால் (முழுதாகக் கழற்றிச் சீரமைப்பது) இடைவெளி 500 மணி, மொத்த ஆயுள் 1,500 மணி என்றும், புதியதில் அவை 1,000 மணி, 4,000 மணி என்றும் சொன்னது. இந்த எண்களையே வைத்துக்கொள்வோம். இரட்டை எஞ்சின் விமானம் ஒன்று வாழ்நாளில் 6,000 மணி பறந்தால், 1,500 மணி எஞ்சினில் எட்டு வேண்டும். 4,000 மணி எஞ்சினில் கணக்குப்படி மூன்று.

ஆயுள் குட்டையான எஞ்சின் வைத்திருப்பவர் புதிய விமானத்துக்கும் செய்யவேண்டும், பழைய விமானத்துக்கும் செய்யவேண்டும், ஓவர்ஹாலுக்குப் போனதற்குப் பதிலாக மாற்று எஞ்சினும் கொடுக்கவேண்டும். ஓட்டைப் பானையில் நீர் பிடிப்பது போல. 'சீனா ஆண்டுக்கு எத்தனை எஞ்சின் செய்கிறது' என்று கேட்பவர்கள் 'ஒவ்வொன்றும் எத்தனை மணி ஓடுகிறது' என்பதை முதலில் கேட்கவேண்டும்.

டபிள்யூஎஸ்-10 ஆரம்பத்தில் ஏன் சொதப்பியது?

2005-இல் வடிவமைப்புச் சான்று பெற்றுவிட்டது. ஆனால் தொடர் உற்பத்திக்குப் போனதும் ஒரு எஞ்சின் போல மற்றொன்று இல்லை. 2009-ஐ ஒட்டி, அதிர்வும் தரக்குறைவும் காரணமாகப் படை ஜே-11பி விமானங்களை ஏற்கத் தயங்கியதாகச் செய்திகள் வந்தன. சில தொகுதிகளுக்கு மீண்டும் ரஷ்ய எஞ்சினே போடப்பட்டது. 2011-இல் ஜே-10-க்காக 123 ஏஎல்-31எஃப்என் எஞ்சின்களுக்கு சீனா ஒப்பந்தமிட்டது. சொந்த எஞ்சின்மேல் அன்று இருந்த நம்பிக்கையின் அளவுகோல் அது.

ஜே-10-க்கு மட்டும் ஏன் அவ்வளவு தாமதம்?

அதற்கு ஒரே எஞ்சின். இரட்டை எஞ்சின் விமானத்தில் ஒன்று நின்றால் மற்றதை வைத்துத் தளம் திரும்பலாம். ஜே-10-இல் விமானி குதிக்கவேண்டியதுதான். ஆகவே புது எஞ்சினை முதலில் ஜே-11பி-யில் ஓட்டிப் பழக்கினார்கள். இன்னொரு காரணம் இடம்: எஞ்சினோடு ஒட்டிய கியர்பெட்டி ஜே-11-இல் மேல்பக்கம், ஜே-10-இல் கீழ்ப்பக்கம். ரஷ்யர்களும் இதற்காகத்தான் ஏஎல்-31எஃப்என் என்று தனி வகை செய்தார்கள். பாகிஸ்தான் 2022-இல் பெற்ற ஜே-10சிஇ, டபிள்யூஎஸ்-10பி எஞ்சினோடு போயிருக்கிறது.

அப்படியானால் ஜேஎஃப்-17-இல் ஏன் இன்னும் ரஷ்ய எஞ்சின்?

ஜேஎஃப்-17 சீனாவும் பாகிஸ்தானும் சேர்ந்து உருவாக்கிய சிறிய போர்விமானம். அதற்கு வேண்டியது வேறு அளவு எஞ்சின், 8 டன் சொச்சம். அதில் உள்ள ரஷ்ய ஆர்டி-93-க்கு மாற்றாக குய்ஜோவில் உருவான டபிள்யூஎஸ்-13 பறந்து சோதிக்கப்பட்டது. ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் பழைய எஞ்சினும் அதன் உதிரிகளும் கையில் இருக்கும்போது, வாங்குபவர் மாற அவசரப்படமாட்டார்.

ஏற்றுமதித் தடைகள் எவ்வளவு தடுத்தன?

ஐந்து அச்சில் நகரும் உயர்துல்லியக் கடைசல் எந்திரங்கள் நெடுங்காலமாகப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டில் இருப்பவை. 2020 டிசம்பரில் அமெரிக்கா வெளியிட்ட ராணுவப் பயனாளர் பட்டியலில் ஏஇசிசி-யின் கிளைகளும் இடம்பெற்றன. உக்ரைனின் மோட்டார் சிச் நிறுவனத்தை வாங்க முயன்ற சீன முதலீட்டாளர் மீது 2021 ஜனவரியில் உக்ரைன் தடை விதித்தது. எந்திரத்துக்கு மாற்று உள்நாட்டிலேயே வந்துவிடுகிறது. கிடைக்காமல் போனது அனுபவம்.

டபிள்யூஎஸ்-15 தயாராகிவிட்டதா?

ஜே-20-க்கென்றே வடிவமைத்த பெரிய எஞ்சின் அது. 18 டன் அளவில் உந்துவிசை என்பது அதிகாரபூர்வமற்ற மதிப்பீடு. 2023-இல் ஏஇசிசி தரப்பிலிருந்தே தொழில்நுட்பச் சிக்கல்கள் தீர்ந்துவிட்டன என்ற பேச்சு வந்தது. அதே ஆண்டு நடுவில் இரண்டு புதிய எஞ்சின்களோடு ஜே-20ஏ பறந்த படங்களும் வெளியாயின. ஆனால் டபிள்யூஎஸ்-10 சான்று பெற்றதற்கும் ஜே-10-இல் ஏறியதற்கும் இடையே ஏறக்குறைய பதினைந்து ஆண்டு ஓடியது. டபிள்யூஎஸ்-15-க்கு அவ்வளவு ஆகாது. வார்ப்புச் சாலைகளும் கை பழகிய ஆட்களும் இப்போது இருக்கிறார்கள். எனினும் அதிகச் சூட்டில் ஓடும் எஞ்சினில் தேறும் விகிதம் முதல் சில ஆண்டுகள் கீழேதான் இருக்கும்.

இந்தியாவின் காவேரியோடு ஒப்பிடலாமா?

ஓரளவுக்கு. தேஜஸ் போர்விமானத்துக்கென்று உருவாக்கத் தொடங்கிய காவேரி எஞ்சினுக்கு 1989-இல் ஒப்புதல். தேஜஸிலிருந்து 2008-இல் பிரிக்கப்பட்டது. பிளேடு, பொருட்கள், சோதனை வசதி என்று தடுக்கிய இடங்கள் பெரும்பாலும் சீனாவுக்கும் தடுக்கிய இடங்களே. உயர்வானச் சூழலில் எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் நிலையம் சீனாவுக்குச் சிச்சுவானில் இருக்கிறது. காவேரியை அந்தச் சோதனைக்கு ரஷ்யாவுக்கு அனுப்பவேண்டியிருந்தது.

தொடர் உற்பத்தி எவ்வளவு முரண்டுபிடிக்கும் என்பதற்கு இன்னும் நல்ல சான்று தேஜஸ் மார்க்-1ஏ. 2021-இல் 99 எஃப்404 எஞ்சின்களுக்கு இந்தியா ஒப்பந்தம் போட்டது. ஆயிரக்கணக்கில் செய்து தேர்ந்த அமெரிக்க ஜிஇ நிறுவனத்தின் எஞ்சின். ஆனால் அந்தத் தயாரிப்பு வரிசை சில ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. பாகம் தருபவர்களை மறுபடி திரட்டி, முதல் எஞ்சின் கைக்கு வந்தது 2025 மார்ச்சில்.

படத்தைப் பார்த்து எந்த எஞ்சின் என்று சொல்ல முடியுமா?

ஜே-20-இல் எளிது. பின்புற வாயில் இதழ்களின் விளிம்பைப் பாருங்கள்: ரம்பப் பல் போல வெட்டியிருந்தால் உள்நாட்டு எஞ்சின், பெரும்பாலும் டபிள்யூஎஸ்-10சி; நேராக இருந்தால் பழைய ரஷ்ய எஞ்சின். மற்ற விமானங்களில் வெளிச்சமும் கோணமும் ஏமாற்றும். ஒரே படத்தை நம்பி முடிவுக்கு வராதீர்கள்.